வேம்பு அக்காவுக்குப் பிடித்த மடவை

அன்றைக்கு நான் நெல் கொள்முதல் நிலையத்தில் எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தேன். காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டிருந்தது. தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், வெயில் எட்டிப் பார்த்தால் விலக்கிவிட வேண்டும். ஈரம் ஏறிய நெல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். தார்ப்பாயின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் வேம்பு அக்காவின் மகள் இளவரசி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க."

"எங்க போனா? எழுந்து நிக்கவே முடியாதவ எங்க போனா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த தார்ப்பாய் நழுவிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர், ஓடிவந்து அந்த முனையைப் பிடித்து அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். "நீங்க கெளம்புங்க. உங்க நெல்லு நனையாது, நான் இருக்கேன்" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

வேம்பு அக்கா என் கணவருடைய அண்ணனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. நாங்கள் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே கொல்லையில் பாத்திரம் துலக்கி, தலை நரைக்கிறவரை ஒன்றாக இருந்தோம். அவளுடைய படத்திறப்புக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று அவள் மகள் இளவரசி கேட்டாள். மற்றவர்கள் அவளுடைய பொறுமையை எழுதுவார்கள், மகளிர் குழுவுக்கு அவள் அலைந்த அலைச்சலை எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான். எனக்கு எழுத வருவது மீனைப் பற்றி மட்டும்தான். அதுவும் மடவை மீனைப் பற்றி.

அவளைத் தெரிந்த நீங்கள் எல்லாரும், வேம்புக்கு மடவை பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு அவள் கையால் மடவைக் குழம்பு ஊற்றியிருப்பாள். ஒருநாளும் தன் தட்டில் ஒரு துண்டு போட்டுக்கொண்டதில்லை. "எனக்கு வேணாம், நீங்க சாப்புடுங்க" என்பாள். நீங்கள் நம்பியது சரியில்லை. அவளுக்கு மடவை என்றால் உயிர்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. நானும் அவளும் ஒரே டிராக்டரில் வந்து இந்த வீட்டு வாசலில் இறங்கினோம். வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மூத்தவரைக் கட்டியவள் என்பதால் அவளை நான் அக்கா என்றேன், அவள் என்னைக் கலா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் பிறந்தது பூம்புகார் பக்கம், காவிரி கடலில் சேர்கிற இடத்துக்குக் கிட்டே. அவள் பிறந்தது தெற்கே ஒரு வடிகால் ஓரத்தில். வயலில் நின்ற தண்ணீரையெல்லாம் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகிற வடிகால் அது. அவளுடைய அப்பா குத்தகைக்கும் கூலிக்கும் பாடுபட்டவர்.

தலைப்பொங்கல் வந்தது. கரிநாளன்று கவிச்சி ஆக்க வேண்டும் என்று இரண்டு சம்பந்தி வீட்டிலிருந்தும் மீன் கொண்டுவந்தார்கள். எங்கள் அப்பா கொண்டுவந்தது ஒரு கூடை மடவை. அவளுடைய அப்பா கொண்டுவந்ததும் ஒரு கூடை மடவை. தட்டைத் தலையும், கறுத்த முதுகும், வெளுத்த வயிறுமாக இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவளுடைய கூடையில் இருந்தவை கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அவ்வளவுதான். எங்கள் மாமியார், "என்ன சம்பந்தி, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். யார் வீட்டு மீன் ருசி என்று பின்னால் பேச்சு வரக்கூடாது என்று நினைத்துத் தனித்தனிச் சட்டியில் குழம்பு வைத்தார். அதுவே வினையாகிவிட்டது.

ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் மீனை முதலில் போட்டார்கள். மாமனார் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார். அடுத்து அவளுடைய ஊர் மீனைப் போட்டார்கள். ஒரு வாய் எடுத்தவர் அப்படியே நிறுத்தி, இலை ஓரத்தில் துப்பினார்.

"என்னா இது, களிமண்ண உருட்டி வச்ச மாதிரி இருக்கு?"

மாமியார் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஏ வேம்பு, உங்க ஊருல மீனு புடிக்கிறாங்களா, சேத்த அள்ளுறாங்களா?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

அவளுடைய அப்பா பந்தியின் கடைசியில் உட்கார்ந்து அதே மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய கை நின்றுவிட்டது. "எங்க வடிகால்ல ஓடுறது அந்தத் தண்ணிதாம்மா" என்றார். மாமியார், "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இந்த மீனு மட்டும் நம்ம வாசப்படி ஏற வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நாக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். வேம்பு அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். அழவில்லை. அந்தச் சட்டிக் குழம்பை அப்படியே கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டச் சொன்னார்கள். அவள்தான் கொட்டினாள்.

அதன்பிறகு அவளுடைய அப்பா பலகாரம் கொண்டுவந்தார், வாழைத்தார் கொண்டுவந்தார், மீன் கொண்டுவரவில்லை. அன்றையிலிருந்து அவளும் இந்த வீட்டில் மடவை சாப்பிடவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதை, நாளாக நாளாக எல்லாரும் பிடிக்காது என்று ஆக்கிக்கொண்டார்கள்.

தின்ன மாட்டாளே தவிர, மடவை ஆய்வதிலும் ஆக்குவதிலும் அவளுக்கு ஒரு குதூகலம் உண்டு. மடவையின் வயிற்றுக்குள் கோழி இரைப்பை மாதிரி கெட்டியாக ஓர் உருண்டை இருக்கும். அதை வகுந்து பார்ப்பது எங்கள் இருவருக்கும் விளையாட்டு. உள்ளே வெள்ளை மணல் நெறுநெறுத்தால் அது ஆற்று முகத்துவாரத்து மீன். பச்சைப் பாசி பசையாக இருந்தால் உப்பங்கழியில் மேய்ந்தது. கறுப்பாக, வெண்ணெய்போல வழவழவென்று சேறு இருந்தால் வடிகால் மீன். மணலைப் பார்த்தால் அவள் "இந்தா, உங்க ஊரு சனம்" என்பாள். சேற்றைப் பார்த்தால் நான் "உங்க ஆளு வந்திருக்காரு அக்கா" என்பேன்.

ஒருமுறை மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர், பூம்புகார் மீன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனார். வகுந்து பார்த்தால் உள்ளே தவிடு குழைத்த மாதிரி இருந்தது. குழம்பு கொதிக்கும்போது இறால் குட்டைத் தீவன வாடை வீடு முழுக்க அடித்தது. மறுநாள் அவர் வந்ததும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இப்பல்லாம் பூம்புகார்ல கடலுக்குத் தீவனம் போடுறாங்களா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"மீனு வயித்துல பாதி மூட்டை இருந்துச்சே. சாக்கு ஒண்ணுதான் இல்ல."

"அது எங்கயாவது போயித் தின்னுட்டு வந்திருக்கும்க்கா. மீன நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?"

"நீ கட்டிப் போடல. குட்டைக்காரன் கட்டிப் போட்டிருக்கான். மீனு பொய் சொல்லாது தம்பி. நீ சொல்லுறப்ப மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, "அக்கா, இன்னிக்குக் குட்டை மீனுதான், கேக்காதீங்க" என்று சொல்லிவிடுவார்.

அப்படி மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒருநாள் அவள் சொன்னாள்: "எல்லாம் கடல்ல பொரிச்ச குஞ்சுதான் கலா. ஒண்ணு ஆத்துல நொழைஞ்சுது, ஒண்ணு வடிகால்ல நொழைஞ்சுது. எத மேஞ்சுதோ அந்த ருசி. இதுல மீனு மேல என்ன குத்தம் இருக்கு?" சொல்லிவிட்டுச் செதில் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள்.

மாமனாரும் மாமியாரும் காலமாகிப் பல வருஷம் கழித்து, வேம்பு அக்காவின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். மாசி மாதம். அறுவடை முடிந்து வடிகாலில் தண்ணீர் சுண்டிக் கிடந்தது. மழைக் காலத்தில் புதுத் தண்ணீர் ஓடும்போது அங்கே கிடைக்கிற மடவை சப்பென்று இருக்குமாம். தண்ணீர் வற்றி, மீன் ஒரே இடத்தில் சேற்றை மேய்ந்து கொழுத்துக் கிடக்கிற மாசி பங்குனியில்தான் ருசியாம். அவளுடைய தம்பி கணேசன் பாலத்துக்குக் கீழே வலை வீசிக் கொஞ்சம் பிடித்துவந்தான். அவளே ஆய்ந்தாள். செதிலை எடுத்தாள், குடலை எடுத்தாள், துண்டு போட்டு ஒரே ஒரு தண்ணீர் அலசினாள்.

"இன்னும் ரெண்டு தண்ணி அலசுக்கா" என்றேன்.

"அலசுனா மீனு போயிடும்டி" என்றாள்.

மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, பேருக்குக் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, கட்டில் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தலையை உறிஞ்சினாள், முள்ளை உறிஞ்சினாள், விரலை நக்கினாள். நானும் ஒரு வாய் எடுத்து வைத்தேன். காய்ந்த குளத்தில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாடை கிளம்புமே, அதை அப்படியே மென்றதுபோல இருந்தது. தொண்டைக்குள் இறங்கவில்லை.

"துப்பிடாதடி, எங்க அம்மா பாக்குது" என்று சிரித்தாள். தண்ணீரைக் குடித்து விழுங்கினேன்.

"இதுல அப்படி என்னதான்க்கா இருக்கு?"

"கோடையில வடிகால் வத்துனா ஊரு முழுக்க இந்த வாசந்தான். அம்மா நடவுக்குப் போயிட்டு வந்து என்னைத் தூக்குனா, அது பொடவையிலயும் இந்த வாசந்தான். எனக்கு இது இல்லன்னா மீனு தின்ன மாதிரியே இருக்காது."

"அப்ப நம்ம வீட்டுலயும் ஒருநாள் ஆக்கித் தின்ன வேண்டியதுதானே. இப்ப யாரு கேக்கப் போறா?"

"எங்க அப்பா கைய நனைச்சுட்டுப் பாதியில எந்திரிச்ச எடம் அது. அங்க நான் ஒளிச்சு ஒளிச்சு ஆக்கித் திங்கணுமா? எல விரிச்சு நடுக்கூடத்துல போட்டாங்கன்னா திங்கிறேன். இல்லன்னா வேணாம்." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற ஒரு சாமானைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்தத் தை மாதம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனம் என்றார்கள். தஞ்சாவூரில் சேர்த்தோம். சாப்பாடு இறங்கவில்லை என்று இளவரசி சொன்னதால் நான் தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுபோனேன். மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"எந்த ஊரு?"

"எங்க ஊரு மீனுதான்."

"அதான் வாசமே இல்ல" என்று மூடியைப் போட்டாள்.

"வீட்டுக்கு வாக்கா. உங்க வடிகால் மீனையே ஆக்கி, நடுக்கூடத்துல எல போட்டுத் தரேன்."

"எல்லாரும் மூக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்களே" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு இரைத்தது. நெஞ்சைத் தடவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "போடு, பாப்போம்" என்றாள்.

அவள் வீட்டுக்கு வரவில்லை, வண்டியில் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டில் கவிச்சி சேர்ப்பது எங்கள் வழக்கம். போனவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை நனைக்க வேண்டும். படைக்கிறவரைக்கும் உப்புக்கூட ருசி பார்க்கக் கூடாது. அம்மாவுக்கு வஞ்சிரம் வாங்கிவிடலாம் என்றாள் இளவரசி.

"மடவை வாங்கணும்" என்றேன்.

"அம்மாவுக்கு மடவை புடிக்காதே சித்தி."

"புடிக்கும். அவங்க ஊரு வடிகால் மடவை."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்காவின் கணவர், அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒருநாள்கூடச் சொல்லலியே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இளவரசி தயங்கினாள். "சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க சித்தி. வீட்டுல சேத்து வாடை அடிச்சா என்ன பேசுவாங்க? அம்மா பேர்ல கடைசியாப் போடுற சாப்பாடு. நல்லா இருக்கணும்." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமாதான், "கலா சொல்றபடி செய்யுங்க" என்று எழுந்து போனார்.

கணேசனுக்குப் போன் போட்டேன். முகத்துவாரத்துப் பக்கம் போகாதே, பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கிற இடத்தில் பிடி என்று சொன்னேன். "அக்கா, அந்த மீன உங்க வீட்டுக்கா கேக்குறீங்க?" என்றான். "எங்க வீட்டுக்குத்தான் தம்பி" என்றேன். மறுநாள் விடிந்ததும் பிளாஸ்டிக் டிரம்மில் உயிரோடு துள்ளத் துள்ளக் கொண்டுவந்து இறக்கினான்.

கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன். வந்திருந்த பெண்கள் ஆளுக்கொன்றாக அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. செதில் சீவி, வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கிற கறுப்புச் சவ்வை உரித்தேன். கல்லுப்புப் போட்டுத் தேய்த்தேன். புளித் தண்ணீரில் ஊறவைத்தேன். மோர் விட்டுப் பிசறி அலசினேன். கடைசியில் பாத்திரத்துத் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. எங்கள் வீட்டில் மடவையை இப்படித்தான் சுத்தம் செய்வோம். பெரிய சட்டியில் குழம்பைக் கூட்டிக் கொதிக்கவிட்டேன்.

கணேசன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, இது எந்த மீனு?"

"நீ கொண்டாந்ததுதான்."

"வாசமே வரலியே. புளித் தண்ணியில போட்டீங்களா?"

அப்போதுதான் என் கை செய்த வேலை எனக்குத் தெரிந்தது. எந்த வாசத்துக்காக அவனை வடிகாலுக்கு அனுப்பினேனோ, அதை நானே உப்புப் போட்டுத் தேய்த்து, மோர் ஊற்றிக் கழுவிக் கொல்லையில் விட்டிருக்கிறேன். "நல்லாக் கழுவிட்டேனே தம்பி" என்றேன். அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"பரவால்லக்கா, இதையே வச்சுடுங்க. எங்க அக்கா ஒண்ணும் நெனச்சுக்காது" என்றான்.

டிரம்மில் இன்னும் கொஞ்சம் மீன் கிடந்தது. அடுக்களை மூலையில் இருந்த அக்காவின் சின்ன மண்சட்டியை எடுத்தேன். என் மருமகள் பவித்ரா உதவிக்கு வந்து உட்கார்ந்தாள். "கறுப்புச் சவ்வ எடுக்க வேணாமா அத்தை?" என்றாள். வேண்டாம் என்றேன். ஒரு தண்ணீர் அலசினோம். கணேசன் சொல்லச் சொல்ல மிளகும் பூண்டும் தட்டிப் போட்டேன். கூடத்தில் எல்லாரும் படையலுக்குக் காத்திருந்தார்கள். இளவரசி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சட்டி கொதித்தது. சேற்று வாசம் அடுக்களையை விட்டுக் கிளம்பிக் கூடத்துக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர், "என்னப்பா, வீட்டுக்குள்ள வாய்க்கால் தூர்வாருறாங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கணேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமாவின் குரல் கேட்டது. வீட்டில் சத்தம் போட்டே பேசாத மனிதர். "எம் பொண்டாட்டிக்கு ஆக்குறாங்க. புடிக்காதவங்க வெளியில போயி நிக்கலாம்" என்றார்.

யாரும் வெளியில் போகவில்லை.

நடுக்கூடத்தில் தலைவாழை இலை போட்டோம். நான் சோற்றை வைத்து, அந்தச் சின்னச் சட்டிக் குழம்பை ஊற்றி, மடவைத் தலையை எடுத்து இலையின் நடுவில் வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். படத்தில் அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கும்போது போட்டிருக்க வேண்டிய இலை. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

படைத்த இலையில் உட்காரும்படி மாமா கணேசனைக் கையைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் தானும் ஓர் இலை போடச் சொல்லி அதே குழம்பை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வாயாக, மருந்து சாப்பிடுகிறவர்போல மென்று, இலை முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். இளவரசி ஒரு துண்டை வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"மண்ணு மாதிரிதான் இருக்கு சித்தி."

"ஆமாம்மா. புடிக்கலன்னா விட்டுடு."

"புடிக்கல" என்று அழுதாள். "அம்மாவுக்கு என்ன புடிக்கும்னுகூட எனக்குத் தெரியல பாத்தீங்களா." நான் அவளுடைய தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நான் கழுவிக் கெடுத்த பெரிய சட்டிக் குழம்பை வந்தவர்கள் எல்லாரும் வாய் நிறையப் புகழ்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பவித்ரா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் மேற்கே ஏரிக்கரை ஊர்ப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. மீன் வாங்கும்போதெல்லாம், "எனக்கு வேணாம் அத்தை, ரசம் போதும்" என்பாள். அவளுக்கு மீன் ஆகாது என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அந்தச் சின்னச் சட்டியைத் தேய்க்கப் போனவள், உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"எங்க ஊருல ஏரி வத்துறப்ப கெண்டையில இதே வாசம் வரும் அத்தை" என்றாள்.

"உனக்குப் புடிக்குமா?"

அவள் அடுக்களை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "புடிக்கும்" என்றாள். "முள்ளு ஜாஸ்தி. நீங்கல்லாம் திங்க மாட்டீங்க. அதான் கேக்கல."

அவளுடைய கையிலிருந்த சட்டியை வாங்கி, தேய்க்க வேண்டாம் என்று தனியாகக் கவிழ்த்து வைத்தேன்.

அக்காவின் புடவைகளையும் தோட்டையும் இளவரசி எடுத்துக்கொண்டாள். அதுதான் முறை. நான் அந்தச் சின்னச் சட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அதில் கெண்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. பவித்ராவின் அப்பா காலையில் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். "ஏரி மீனு, உங்களுக்கெல்லாம் ஆகுமோ என்னமோ" என்று வாசலிலேயே தயங்கி நின்றவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம். வீடு முழுக்க வாசம்தான். எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. இலையை நடுக்கூடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.